சென்னை பால்கனியில் ஆர்கிட்: சில வருடம் வளர்த்த பிறகு

சென்னையில் ஆர்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் டென்ட்ரோபியம் என்ற ஆர்கிட் வகையில் தொடங்குங்கள். கடைகளில் ஏசிக்குள் வைத்து விற்கும் இன்னொரு வகையான ஃபலனாப்சிஸ் பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. என் வீட்டில் இரண்டும் சில வருடங்களாக இருக்கின்றன. டென்ட்ரோபியம் வருடத்தில் இரண்டு மூன்று தடவை பூக்கிறது. ஃபலனாப்சிஸ் நன்றாக இலை விடுகிறது, வேர் விடுகிறது. பூ மட்டும் அதன் இஷ்டம்.

காரணம் இரவு வெப்பம். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரமாவது தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி கிடைக்க வேண்டும். தைவானில் வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் இதற்காகவே செடிகளை மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர் கிடைப்பது மார்கழியிலும் தையிலும்தான். அந்த வருடம் பனி சரியாக இறங்கினால் மாசி, பங்குனியில் பூ பார்க்கலாம். டென்ட்ரோபியத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இங்கே விற்பதில் பெரும்பாலானவை வெப்பமான சமவெளிக்குத் தோதான கலப்பு ரகங்கள். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பார்க்கிறோமே, 'சோனியா', அதுவும் இந்த வகைதான்.

மண்ணில் நடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதில் நடுவது என்பதில்தான் சண்டை. பலர் தேங்காய் மட்டைத் துண்டு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவிடும். எனக்குச் சரிப்பட்டு வந்தது அடுப்புக்கரியும் உடைத்த ஓட்டுத்துண்டும், பக்கவாட்டில் ஓட்டை வைத்த மண்தொட்டியும். ஒரு குறை உண்டு: வெயில் காலத்தில் கரி மளமளவென்று காய்ந்துவிடும், காலையும் மாலையும் தண்ணீர் கேட்கும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் கொஞ்சம் மட்டை கலந்துகொள்ளலாம்.

நர்சரியிலிருந்து வரும் செடியின் அடியில் பாசியோ ஸ்பாஞ்சோ வைத்து இறுக்கியிருப்பார்கள். வழியில் காயாமல் இருக்க அது உதவும். வீட்டுக்கு வந்து, பூ உதிர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால், வேரைப் பாருங்கள் என்பேன். காய்ந்த வேர் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த வெள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டுத்திட்டாகப் பச்சையாகும். வேரின் மேல் செத்த செல்களால் ஆன ஒரு உறை இருக்கிறது. அது நீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சை தெரிகிறது, அவ்வளவுதான். வெள்ளையாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம். ஃபலனாப்சிஸுக்கு மட்டும் இலைக் குருத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடுக்குருத்து அழுகினால் பெரும்பாலும் செடி போச்சு.

அடுத்தது உப்பு. எங்கள் பகுதி போர் தண்ணீரை ஊற்றினால் கரித்துண்டுகளில் வெள்ளைப் படிவம் வரும், வேர் நுனி கருகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆர்கிட்டுக்கு வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். மழைநீர் உத்தமம். இல்லாத நாளில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். அதில் சத்து ஒன்றும் இருக்காது, அதனால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒருமுறை தெளிப்பு.

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி போதும். இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் மகிழ வேண்டாம், வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தம், பூ வராது. லேசான மஞ்சள் கலந்த பச்சைதான் சரி. அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு நிழல்வலை கட்டிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் எல்லோரும் கை வைக்கத் துடிப்பது டென்ட்ரோபியத்தின் இலை உதிர்ந்த பழைய தண்டுகளில். "காஞ்ச குச்சியை எதுக்குடி வெச்சிருக்கே, வெட்டிப் போடு" என்று அம்மா வரும்போதெல்லாம் சொல்வார். தண்டு பச்சையாக, கெட்டியாக இருக்கிறவரை அது செடியின் சேமிப்பு. அதன் நுனிக் கணுவிலிருந்தே மறுபடி பூங்கொத்து வரும், சில சமயம் வேரோடு குட்டிச்செடியும் வரும். முழுக்கச் சுருங்கிப் பழுப்பானால் மட்டும் வெட்டுகிறேன். அம்மாவுக்கு இன்னொரு குறையும் உண்டு: வாசனை இல்லை. அதற்கு என்னிடம் பதிலில்லை, இந்த ரகங்களில் பெரும்பாலும் மணம் கிடையாது. ஆனால் ஒரு கொத்து மாதக்கணக்கில் நிற்பதை மல்லியிடம் எதிர்பார்க்க முடியுமா?

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான். தண்டைச் சுற்றிக் காகிதம் போலக் காய்ந்திருக்கும் உறைக்கு உள்ளே ஒளிந்திருக்கும். எறும்பு ஏறினாலே சந்தேகப்படுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் வெயில் இறங்கிய பிறகு.

வாங்கும்போது பூவை எண்ணாதீர்கள். அடியில் புதுக்குருத்து இருக்கிறதா என்று பாருங்கள், தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். தொட்டிக்குள் செடி ஆடினால் வேர் பிடிக்கவில்லை, அடுத்ததைக் கேளுங்கள்.