சைமா ஏரிக்கரையில் மரவீடு எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பின்லாந்தில் சவோன்லின்னா பக்கம் கோடையில் மரவீடு வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து நகரமான எஸ்போவில் வேலை பார்க்கும் நாலு பேர். கையைக் கடிக்காத செலவில் சைமா ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம்.

ஜூலையில் இந்த நாடே விடுமுறையில் இருக்கும். சவோன்லின்னாவில் ஓலவின்லின்னா கோட்டைக்குள் ஓபரா விழா நடப்பதும் அந்த மாதம்தான். ஹோட்டல் வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதனால் ஊருக்கு வெளியே, புங்காஹர்யு பக்கம் ஒரு மொக்கி பார்த்தோம். மொக்கி என்றால் இங்கே ஏரிக்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கும் சின்ன மரவீடு. ஓர் இரவுக்கு 65 யூரோ. விளம்பரத்தில் வீடு, சானா என்ற வெந்நீராவிக் குளியல் அறை, அப்புறம் தண்ணீருக்குள் நீளும் ஒரு மரத்துறை எல்லாம் படத்தோடு இருந்தன. 150 யூரோ முன்பணம், திருப்பித் தரப்படும் என்றார்கள்.

ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் போய் பாரிக்கலாவில் மாறினால், ஒரு குட்டி ரயில் புங்காஹர்யு வழியாகச் சவோன்லின்னா போகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பஸ் விலைக்கே கிடைக்கும். அந்தப் பயணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புங்காஹர்யுவில், பனியுகம் விட்டுப்போன ஒல்லியான மேட்டின் மேல் பைன் மரங்களுக்கு நடுவே நடக்கலாம், இரண்டு பக்கமும் தண்ணீர். நுழைவுக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்குப் போனதும்தான் ஆரம்பித்தது. மரத்துறை இருந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. நாங்கள் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது வந்து, தன்மையாகத்தான், "இது என் துறை" என்றார். அவர் சொன்னது சரி. இந்த நாட்டில் யாருடைய காட்டிலும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம், ஏரியில் நீந்தலாம். ஆனால் ஒருவர் வீட்டு முற்றத்துக்கும் துறைக்கும் அந்த உரிமை செல்லாது. எங்களுக்கு உரியது என்று பார்த்தால், நாணல் மண்டிய ஒரு பொதுக்கரை, காட்டுப்பாதையில் கால் மணி நேரம் தள்ளி. கொசு வேறு.

படுக்கை விரிப்புக்கு ஆளுக்கு 18 யூரோ தனியாகக் கேட்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். இங்கே பல மொக்கிகளில் அதுதான் வழக்கம், வீட்டிலிருந்தே விரிப்பு கொண்டுபோனால் மிச்சம்.

பெரிய ஏமாற்று வேலை நாங்கள் கிளம்பிய பிறகு நடந்தது. கடைசி நாள் நாமே சுத்தம் செய்யலாம், இல்லாவிட்டால் 90 யூரோ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. நாங்களே செய்தோம். சானா பலகைகளைத் தேய்த்துக் கழுவி, அடுப்புச் சாம்பலை அள்ளி, தரையைத் துடைத்து, குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அறை அறையாகப் படமும் எடுத்துக்கொண்டோம். சில நாள் கழித்து முன்பணத்தில் 120 யூரோ பிடித்துக்கொண்டு மீதி வந்தது. காரணம் 'கூடுதல் சுத்தம்'. ஆதாரமாக இரண்டு படங்கள். ஒன்றில் விறகடுப்பு வாசலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிர்ச் மரப்பட்டை. இன்னொன்றில் குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் நீளமான பொன்னிற முடி. எங்கள் நாலு பேர் தலையும் கன்னங்கரேல்!

பதிவுத் தளத்தில் முறையிட்டால், அது உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான விஷயம் என்றார்கள். அரசின் நுகர்வோர் ஆலோசனை எண்ணில் கேட்டால், வாடகைக்கு விட்டவர் நிறுவனமா, தனிநபரா என்பதுதான் முதல் கேள்வி. தனிநபர். நுகர்வோருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வழக்குகளைத்தான் அவர்கள் எடுப்பார்கள், அதோடு அந்தக் கதவு மூடியது. பொன்னிற முடிப் படத்தையும் எங்கள் நால்வர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும் 60 யூரோ திரும்பி வந்தது. கூடவே, தளத்தில் நாங்கள் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வேண்டுகோள். எடுக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டும் முன்பே முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நில அளவைத் துறையின் கார்ட்டாபைக்கா என்ற இலவச இணைய வரைபடத்தில் ஒவ்வொரு மனையின் எல்லைக்கோடும் தெரியும். வீட்டு மனை கரையைத் தொடுகிறதா, இடையில் வேறு யாருடைய நிலமாவது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். விடுபவர் நிறுவனமா, தனிநபரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு வீடியோ, கிளம்பும்போது ஒரு வீடியோ. சல்லடையை மறக்காதீர்கள்.

இதெல்லாம் தலைவலி என்றால், ஏரிக்கரை முகாம் மைதானங்களில் சின்னச் சின்ன மரவீடுகள் உண்டு. சமையலறையும் சானாவும் பெரும்பாலும் பொதுதான், துறையில் கூட்டமும் இருக்கும். ஆனால் வரவேற்பறையில் ஆள் இருப்பார். சாவியைக் கொடுக்கும்போது அவரையே உள்ளே கூட்டிப்போய்க் காட்டி, சரி என்று சொல்ல வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம்.