ஏழு ஆண்டுகளாக ஒரே சேவைத் தளம்: திரைவாசிப்பானோடு என் அனுபவம்

2018 ஜூன். மகளின் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டது. கடைத்தெருவில் உள்ள கணினி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி விண்ணப்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆதார் எண்ணைச் சொன்னேன். ஆண்டு வருமானத்தைச் சொன்னேன். "சார், மொபைலுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சத்தமா சொல்லுங்க" என்றார், அதையும் சொன்னேன். முடித்துவிட்டு எழுந்தபோது பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "வணக்கம் சார்" என்றார். என் வகுப்பு மாணவனின் தந்தை. நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்திருக்கிறார்.

எனக்குப் பார்வை முழுவதுமாக இல்லை. ஆனால் கணினி தெரியும். வீட்டில் என்விடிஏ வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கிய இலவசத் திரைவாசிப்பான் அது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். 2006இல் தொடங்கிய வேலை. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான் எட்டாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கண். வங்கிக் கணக்கு, பாடக் குறிப்புகள், வினாத்தாள் எல்லாம் அதில்தான். ஆக, கணினி தெரியாததால் நான் அந்த மையத்துக்குப் போகவில்லை. அரசின் இணையச் சேவைத் தளத்தில் நானே விண்ணப்பிக்க வீட்டில் மூன்று இரவுகள் முயன்று, முடியாமல்தான் போனேன்.

முடியாமல் போன காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படிவத்துக்குள் நுழைந்து டேப் விசையைத் தட்டினால் "எடிட், பிளாங்க்" என்று குரல் வரும். அடுத்த பெட்டிக்குப் போனாலும் "எடிட், பிளாங்க்". எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 23 பெட்டிகள். தந்தை பெயர் எதில், கதவு எண் எதில் என்று ஒன்றுமே தெரியாது. பார்ப்பவர்களுக்குப் பெட்டியின் பக்கத்திலேயே பெயர் தெரிகிறது. ஆனால் நிரலில் அந்தப் பெயரைப் பெட்டியோடு இணைக்கவில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு வரி எழுதினால் போதும், திரைவாசிப்பான் அதைப் படித்துவிடும்.

மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் மறுபடி ஏறி, நான் முதல் வரிக்கே தள்ளப்படுவேன். பிறந்த தேதிக்கு ஒரு நாள்காட்டி விரியும், அதில் சுட்டியால் மட்டுமே தொட முடியும். தட்டச்சு செய்ய இடம் கிடையாது. இத்தனையையும் தாண்டினால் கேப்சா. கோணல்மாணலான எழுத்துகளின் படம் அது, ஒலி வடிவம் இல்லை. யாரையாவது கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்து தளம் வெளியே தள்ளிவிடும். கண்ணால் ஐந்து நொடியில் பார்ப்பதை நாங்கள் ஒரு நிமிடம் கேட்டுத்தான் அறிய முடியும் என்பதை அந்த நேரக்கணக்கு வைத்தவர் யோசித்திருக்கவில்லை.

தமிழ்ப் பக்கத்துக்கு மாறினால் இன்னொரு சிக்கல். இது தமிழ்ப் பக்கம் என்ற குறிப்பு நிரலில் இல்லாததால் என் கணினியின் ஆங்கிலக் குரலே அதைப் படிக்க வரும். எழுத்துகளை எல்லாம் விழுங்கிவிட்டு நடுவில் வரும் எண்களை மட்டும் சொல்லும். பழைய அறிவிப்புகள் அதைவிட மோசம். ஒருங்குறிதான் (யூனிகோட்) தரம் என்று தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. பாமினியில் "அம்மா" என்று அடித்திருந்தால் எனக்குக் கேட்பது "எம், கே, செமிகோலன், கே, ஹெச்".

2021இல் தளத்தைப் புதுப்பித்தார்கள். மேல் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு பட்டை வந்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், பக்கத்தைப் பேச வைக்கலாம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேசும் கருவி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் படிக்கத்தான் ஒன்றும் இல்லை. கீழே அந்த 23 பெட்டிகளும் அப்படியே பெயரில்லாமல் கிடந்தன. குறைபார்வை உள்ள என் சக ஆசிரியர் ஒருவருக்கும் அது பயன்படவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, பெரிதாக்கினாலும் வெளிர்சாம்பல்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்று உலக அளவிலான நெறிமுறை 2008 முதலே சொல்கிறது.

கடிதம் எழுதத் தொடங்கினேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன் கீழ் 2017இல் வந்த விதிகள், அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டேன். நான்கு கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஐந்தாவதில் சட்டத்தை விட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் எந்த விசையை அழுத்தினால் என்ன கேட்கிறது என்று மட்டும் வரிசையாக எழுதினேன். அதற்குத்தான் ஒரு இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். குறை சொல்லப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கிடைத்த ஒரே யோசனை இதுதான்.

"தம்பி, என்விடிஏவை நிறுவிக்கிட்டு, மானிட்டரை அணைச்சிட்டு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்க" என்றேன். அழைப்பைத் துண்டிக்காமலே முயன்றார். டேப் விசையின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. "சார், நான் எந்தப் பெட்டியில இருக்கேன்னே தெரியல சார்" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

2023 தொடக்கத்தில் ஒவ்வொன்றாகச் சரியானது. பெட்டிகளுக்குப் பெயர் வந்தது. ஹெச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவ முடிந்தது. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய முடிந்தது. கேப்சா போய் ஓ.டி.பி. மட்டும் நின்றது. ஒரு பெட்டியில் தவறு செய்தால், முன்பு சிவப்பாக மட்டும் காட்டியதை இப்போது "அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கம் வேண்டும்" என்று தமிழிலேயே சொன்னது. அந்த ஆண்டு சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது இரவு பத்து மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதினாறு நிமிடத்தில் முடித்தேன். ஓ.டி.பி. வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2024இல் ஒரு புதுப்பிப்பில் "சமர்ப்பி" பொத்தான் உடைந்தது. பார்வைக்குப் பொத்தான்தான், திரைவாசிப்பானுக்கு வெறும் எழுத்து. என்டர் தட்டினாலும் அசையவில்லை. அந்தப் பொறியாளர் அதற்குள் வேறு பணிக்கு மாறியிருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு முதலிலிருந்து விளக்கி, பொத்தான் சரியாவதற்கு மூன்று மாதம் ஆனது. ஒருவரின் அக்கறையை நம்பி இருக்கும் வசதி அவரோடு போய்விடுகிறது. வெளியிடும் முன் எங்களில் ஒருவரை வைத்துச் சோதிப்பதை நடைமுறையாகவே ஆக்கியிருந்தால் இது நடந்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017 விதிகளில் அணுகல்தன்மை பற்றிய 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாயமான தரங்கள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. இனிக் கடிதம் எழுதுபவர்கள் கையில் இவை இரண்டும் இருக்கட்டும்.

உதவி வேண்டுமானால் இன்றும் ஒரு தொலைபேசி எண்தான். காது கேளாத என் நண்பர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? குறுஞ்செய்தி வழியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பாக்கி. வந்து சேரும் சான்றிதழ் இன்னும் படமாகத்தான் வருகிறது, எழுத்தாக இல்லை. விண்ணப்பத்தை நானே போடுகிறேன், நானே பணம் கட்டுகிறேன், நானே இறக்கிக்கொள்கிறேன். அதில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் மகளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.