பிக்கப் வண்டிக்கு ஆல் டெர்ரெய்ன் டயர்: எல்.டி. வகையா, பயணிகள் வாகன வகையா?

என் பிக்கப் வண்டியில் முன்பு பூட்டியிருந்த ஆல் டெர்ரெய்ன் டயர்கள் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்றவை) எல்.டி. எனப்படும் இலகுரகச் சரக்கு வண்டி வகையைச் சேர்ந்தவை. எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் காட்டும் அவற்றின் சுமை வகுப்பு 'ஈ'. அவை தேய்ந்தபின், அதே 265/70 ஆர்17 அளவில் பயணிகள் வாகன வகை ஆல் டெர்ரெய்ன் டயர்களைப் பூட்டினேன். இரண்டாவதாக எடுத்த முடிவே என் வண்டிக்குச் சரி என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன்.

எந்த நிறுவனத்தின் டயர் நல்லது என்பதையே பலரும் முதலில் கேட்கிறார்கள். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி3 ஆகிய மூன்றுமே நல்ல டயர்கள். ஈரத் தார்ச்சாலையிலும் சரளைக் கல் பாதையிலும் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒரே பெயரில் விற்கும் எல்.டி. டயருக்கும் பயணிகள் வாகன வகை டயருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது என்பது என் கருத்து. பனி பெய்யும் இடங்களில் ஓட்டுகிறவர்கள் மட்டும் பக்கச்சுவரில் மும்முகட்டு மலையும் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்துகள் பட்டன்களின், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளின், அமைப்பை மட்டுமே குறிக்கின்றன. பனியில் சோதித்ததற்கு அவை சான்றாகா.

முடிவைத் தீர்மானிப்பது காற்றழுத்தம்தான். சுமையைத் தாங்குவதில் ரப்பரைவிடவும் நூலிழையைவிடவும் பெரும்பங்கு உள்ளே அடைபட்ட காற்றுக்கு உண்டு. 265/70 ஆர்17 அளவில் பயணிகள் வாகன வகை டயரின் சுமைக் குறியீடு பொதுவாக 115. அதாவது 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். இத்தகைய டயரைச் சரக்கு வண்டியில் பூட்டும்போது அந்தத் திறனை 1.1ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. வகுத்தால் ஏறத்தாழ 1,105 கிலோ வரும். அதே அளவிலான எல்.டி. டயர், சுமை வகுப்பு 'சி'யில், 1,120 கிலோ தாங்குவதற்கு 50 பிஎஸ்ஐ தேவைப்படுகிறது. வகுப்பு 'ஈ' டயர் 1,450 கிலோ வரை தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண் 80 பிஎஸ்ஐ நிரப்பினால் மட்டுமே பொருந்தும். கட்டுமானம் வலிமையானது என்பதால் குறைந்த அழுத்தத்திலேயே அதிகம் தாங்கும் என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது.

இதன் விளைவை இரண்டு ஆண்டுகள் அனுபவித்தேன். என் வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. அது தொழிற்சாலையில் பூட்டிய பயணிகள் வாகன வகை டயருக்கான எண். எல்.டி. டயரில் அதே சுமைத்திறனைப் பெற நான் ஏறத்தாழ 50 வரை ஏற்ற வேண்டியிருந்தது. பின்தட்டில் சுமையில்லாத நாள்களில் அந்த அழுத்தத்துடன் ஓட்டினால், சிறு பள்ளத்திலும் வண்டியின் பின்பக்கம் துள்ளியது; பின் டயர்களில் நடுப்பகுதிப் பட்டன்கள் ஓரத்தைவிட விரைவாகத் தேய்ந்தன. அழுத்தத்தைக் குறைத்தால் ஓட்டம் மென்மையானது. ஆனால் சுமை ஏற்றும் ஒவ்வொரு முறையும் மறவாமல் கூட்ட வேண்டியிருந்தது. ஒருமுறை மறந்துவிட்டு, பின்தட்டு நிறையச் செங்கல்லுடன் நீண்ட தொலைவு ஓட்டிச் சென்று இறங்கிப் பார்த்தபோது, பக்கச்சுவர் கைவைக்க முடியாத அளவு சுட்டது. டயர் வெடிக்கவில்லை, ஆனால் அன்றுதான் என் மனம் மாறத் தொடங்கியது.

எச்சரிக்கை விளக்கு காப்பாற்றாதா என்று கேட்கலாம். காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு பொதுவாகத் தாளில் உள்ள அழுத்தத்திலிருந்து 25 விழுக்காடு குறைந்த பிறகே எச்சரிக்கும். 35க்கு அமைத்த வண்டியில் அது ஏறத்தாழ 26 பிஎஸ்ஐ. ஐம்பது தேவைப்படும் டயர் 30க்கு இறங்கி, முழுச் சுமையுடன் சூடேறிக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியாது. எல்.டி. டயருக்கு மாறுகிறவர்களிடம் இதைச் சொல்பவர்கள் குறைவு. என் டயர்களைப் பூட்டியவரும் சொல்லவில்லை, 35 நிரப்பித்தான் அனுப்பினார்.

பயணிகள் வாகன வகைக்கு மாறிய பிறகு, தாளில் உள்ள எண்ணை அப்படியே வைத்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் அளந்தால் போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ எடை குறைந்ததால், அலையலையாகக் கிடக்கும் மண்பாதையில் சக்கரங்கள் தரையை விட்டுத் தாவுவது கண்கூடாகக் குறைந்தது. தேய்மானத்திலும் எனக்கு ஆதரவான ஒரு சான்று உண்டு: டோயோ ஏ/டி3 டயருக்கு அந்நிறுவனம் அளிக்கும் தேய்மான உத்தரவாதம் பயணிகள் வாகன வகைக்கு 65,000 மைல், எல்.டி. வகைக்கு 50,000 மைல். எரிபொருள் சற்று மிச்சமாவதாகத் தோன்றுகிறது. ஆனால் நான் முறையாகக் கணக்கு வைக்கவில்லை என்பதால் அதை ஒரு காரணமாக முன்வைக்க மாட்டேன்.

எல்.டி. வகைக்கு உரிய இடங்களும் இருக்கின்றன. கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர்களுக்கும், பின்தட்டில் எப்போதும் சுமை இருப்பவர்களுக்கும் வகுப்பு 'ஈ' டயரே பொருத்தம். அதன் விறைப்பான பக்கச்சுவர் சுமையின்போது வண்டி பக்கவாட்டில் அசைவதைக் கட்டுப்படுத்துகிறது. நடுப்பகுதி தேயும் சிக்கலும் அவர்களுக்கு எழாது. கூரிய பாறைகள் நிறைந்த தடங்களிலும் கல்குவாரிப் பாதைகளிலும் தடித்த பக்கச்சுவர் கிழியாமல் தாங்கும் என்று அங்கே ஓட்டுகிறவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். நான் அத்தகைய இடங்களில் நான்கைந்து முறைக்குமேல் ஓட்டியதில்லை. எனவே இதில் அவர்கள் சொல்லை என் சொல்லுக்கு மேலாக எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு 'ஈ'யை '10 பிளை' என்று அழைப்பதை மட்டும் நேர்ப்பொருளில் கொள்ள வேண்டாம். அது பருத்தி நூலடுக்குகளைக் கொண்டு வலிமையைக் குறித்த காலத்தின் எச்சம். இன்றைய டயருக்குள் பத்து அடுக்குகள் இருப்பதில்லை. சேற்றைப் பொறுத்தவரை, பட்டன்களுக்கு இடையே களிமண் அடைத்துக்கொண்டால் இரண்டு வகையும் ஒன்றுபோலவே வழுக்கின.

எந்த வகையை வாங்கினாலும், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை ஒரு சக்கர இடத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆல் டெர்ரெய்ன் டயரின் பெரிய பட்டன்கள் ஒரே இடத்தில் நெடுநாள் ஓடினால் ஒரு முனை மட்டும் தேய்ந்து ரம்பப் பல்லைப் போல ஆகிவிடுகின்றன. அதன்பின் எழும் இரைச்சலை இடம் மாற்றியும் முழுமையாகப் போக்க முடிவதில்லை. ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகையாக இருந்தால் அதையும் சுற்றில் சேர்த்து ஐந்தாக மாற்றுவது நல்லது. நான் இம்முறை ஐந்து டயர்களாகவே வாங்கினேன்; பக்கச்சுவரில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள் ஐந்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பூட்டச் சொன்னேன்.