ஆர்கான் வெல்டிங் வகுப்பு என்று சொல்லி ரூ.24,500 வாங்கிக்கொண்டார்கள் – கடலூர், புதுச்சேரி மக்கள் கவனத்துக்கு

இன்று காலை என்னை அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ரூ.24,500 கட்டியதற்கு என்னிடம் மிஞ்சியிருப்பது துருப்பிடித்த ஒரு மேசையும் ஸ்டாண்டும் லேமினேட் செய்த ஒரு சான்றிதழும்தான். இந்த வாரக் கடைசியில் புது பேட்ச் தொடங்குகிறதாம், விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நாலு பேராவது படிக்கட்டும் என்று உடனே எழுதுகிறேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம்ம எவர்சில்வர்) வெல்டிங் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. புதுச்சேரியில் முன்பக்கம் பட்டறையும் பின்பக்கம் வகுப்புமாக நடக்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையம், அவ்வளவுதான் இப்போதைக்கு. "உங்கள் கிச்சனை நீங்களே செய்யுங்கள், மெட்டீரியலும் எங்களுடையது" என்பது அவர்களுடைய விளம்பரம்.

எங்கள் வீடு கடலூரில் பெண்ணையாற்றுப் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, அடுத்து ஆற்றிலும் வெள்ளம் வந்தபோது சமையலறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பிளைவுட் அலமாரி எல்லாம் ஊதி, தோல் உரிந்து, கதவு மூடவே இல்லை. "இனிமே மரமே வேணாம்மா, எவர்சில்வர்ல செஞ்சிடலாம்" என்றார் அத்தை. நான் வீட்டில் மாவு அரைத்து விற்கிறேன். சிங்க் பக்கத்தில் ஒரு மேசை, கிரைண்டருக்கு ஒரு ஸ்டாண்டு, மேலே ஒரு ஷெல்ஃப் தேவைப்பட்டது. கைத்தொழிலாகக் கற்றுக்கொண்டால் பின்னால் வருமானமும் வரும் என்று நம்பித்தான் மாவு விற்ற பணத்திலிருந்து ரூ.24,500 எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நிலையத்தில் என்னிடம் பேசிய ஆள் நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். போன உடனே டீ வாங்கிக் கொடுத்தார். "அக்கா, கடையில எல்லாரும் 304ன்னு சொல்லி 202 குடுத்துடுவான். நாம அப்படி இல்ல" என்று அவரே ஆரம்பித்தார். (இரண்டும் எவர்சில்வர் ரகங்கள், 304 உசத்தி, 202 மலிவு.) சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே வெச்சுப் பாருங்க." பக்கத்தில் கிடந்த இரும்பு ஆங்கிளில் வைத்தேன், டப்பென்று ஒட்டியது. எனக்குக் காட்டிய ஸ்கொயர் பைப்பில் வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. "ஒட்டலன்னா 304. இதுக்கு மேல என்ன கியாரண்டி வேணும்?" அப்புறம் ஆர்கான் (வெல்டு அடிக்கும் இடத்தில் காற்று படாமல் காக்கும் வாயு) சிலிண்டரைத் தட்டிக் காட்டி, "சமையல்கட்டுக்கு ஆர்கான்ல அடிச்சாத்தான் சுத்தம்" என்றார். அங்கேயே ஜிபேயில் முழுப் பணமும் அனுப்பினேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்: பயிற்சிக் கட்டணம் ரூ.24,500. ஜிஎஸ்டி எண் இல்லை, 304 என்ற எண்ணும் இல்லை.

வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே ஆர்கான் வெல்டிங் டார்ச். என் முறை வருவதற்குள் கேஸ் தீரப் போகிறது என்பார்கள். "இன்னிக்கு ராடுல பழகுங்க, கை செட் ஆகட்டும்" என்று, ராடு (உருகி ஜாயின்டை ஒட்டவைக்கும் கம்பி) போட்டு அடிக்கிற சாதாரண ஆர்க் மெஷினைக் கொடுப்பார்கள். அந்த ராடு எஸ்.எஸ்ஸுக்கு உள்ளதா என்று நானே கேட்டேன். "எல்லா ராடும் ஒண்ணுதான்" என்றார் சொல்லிக்கொடுத்த தம்பி. வெல்டு அடித்த இடத்தைத் தேய்க்கக் கொடுத்ததும் இரும்புக் கம்பி பிரஷ். மேசையின் மேல் ஷீட்டை மட்டும் ஆர்கானில் அடித்தோம். மேலே பஃபிங் போட்டுப் பளபளவென்று இருந்தது, நானும் சந்தோஷமாக டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

மழைக்காலம்கூட வரவில்லை, ஜாயின்டுகளில் எல்லாம் காவி நிறத்தில் ஒழுகல். மாவுப் பாத்திரம் வைத்த இடத்தில் துடைக்கத் துடைக்கப் பழுப்புக் கறை. கிரைண்டர் ஸ்டாண்டின் ஒரு காலில் வெல்டு ஓரமாக மயிரிழை போல் விரிசல். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டுப்போயிருந்தால் யார் காலில் விழுந்திருக்கும்?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கைப்பிடிக் கிராதி, கேட் செய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். வந்து பார்த்தார். எவர்சில்வர் ரகம் பார்க்கிற மருந்தைப் பைப்பில் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைச் சேர்த்துப் பிடித்தார். சொட்டு சிவப்பாக மாறியது. "மாங்கனீஸ் சரக்கும்மா, 202 மாதிரி. காந்தம் இதுலயும் ஒட்டாது, 304லயும் ஒட்டாது. அதை வெச்சு எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். 304 என்றால் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். 202-ல் விலை குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். உப்பும் புளிப்பும் ஈரமும் படுகிற இடத்தில், அதிலும் கடற்கரை ஊரில், அது 304 அளவுக்குத் தாங்காது. என் கையில் காந்தத்தை வைத்தவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் வைத்தார்.

மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தார் அண்ணன். ஷீட்டின் அடிப்பக்கம், வெல்டு போன கோடு முழுக்க, கருகிய வெல்லப்பாகு போலக் கறுத்து, கரடுமுரடாகப் பொங்கி நின்றது. விரலை ஓட்டினால் தோல் கிழிகிறது. அடிப்பக்கமும் ஆர்கான் விட்டிருக்க வேண்டுமாம். காற்று பட்டால் சூட்டில் குரோமியம் எரிந்து இப்படி ஆகிவிடும், அந்தச் சந்துகளில் அழுக்கு சேரும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். சமையல் மேசைக்கு இதைவிட மோசமான ஜாயின்டு கிடையாது என்றார். ராடு விஷயத்துக்கு அவர்களே சாட்சி விட்டுவைத்திருக்கிறார்கள். குழுவில் அவர்கள் போட்ட வகுப்புப் படத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில் ராடு பாக்கெட், அதில் 6013 என்று பெரிதாக. அது சாதாரண இரும்புக்கான ராடு. 304-க்கு 308 எல் என்ற எஸ்.எஸ். ராடு போட வேண்டும். எஸ்.எஸ். பைப்பில் இரும்பு ராடைப் போட்டால் துருவும் விரிசலும் வராமல் என்ன வரும்?

போன் போட்டேன். முதலில் "சார் வெளியூர் போயிருக்காரு." அப்புறம் "கடல் காத்துக்கு எந்த எஸ்.எஸ்ஸும் துருப்பிடிக்கும் மேடம்." நேற்று வரை அக்கா, பணத்தைக் கேட்டதும் மேடம். நேரில் போனேன், சீட்டைக் கையில் வாங்கி, "இதுல 304ன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க?" என்றார்கள். ராடைப் பற்றிக் கேட்டால், "உங்க கை சரியில்ல, லேடீஸுக்கு வர்றது கஷ்டம், அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா வந்து உக்காருங்க" என்றார்கள். தவறான ராடைக் கையில் கொடுத்துவிட்டு என் கையைக் குறை சொல்கிறார்கள். ரூ.24,500-ஐ வாங்கும்போது இந்தக் கை லேடீஸ் கை என்று தெரியவில்லையா? நேற்று ராத்திரி அந்த 6013 படத்தையே குழுவில் போட்டுக் கேட்டேன். நீலக்குறி விழுந்தது. காலையில் குழுவில் நான் இல்லை.

சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தை நம்பாதீர்கள், சொட்டு மருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் கிரேடு எழுதாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ராடு பாக்கெட்டைப் படம் எடுத்து வையுங்கள். எஸ்.எஸ்ஸுக்கு எஸ்.எஸ். பிரஷ்தான். எஸ்.எஸ். வெல்டிங் புகையில் உள்ள குரோமியம் நுரையீரலுக்கு ஆகாது, அந்த மூடிய ஷெட்டில் ஒரு மாஸ்க்கூடத் தரவில்லை, அதையும் கேளுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் சீட்டையும் ஸ்டாண்டு ஜாயின்டுகளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன், சேர்ந்தே போடலாம்.