பிரஷர் பம்ப் உறுமலுக்கு ஒலி ஆலோசகர்: காசுக்குத் தகுமா?

தலைக்கு மேல் கிரைண்டர் உருளாது, நாற்காலி இழுபடாது என்றுதான் பெரும்பாக்கத்தில் கடைசி மாடியாகப் பார்த்து வாங்கினோம். அந்தத் தொல்லை இல்லை, உண்மைதான். பதிலுக்கு மொட்டைமாடி பிரஷர் பம்ப் வந்து வாய்த்தது. தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு மேல் மாடிகளில் வேகம் போதாது, அதற்காக வைத்த பம்ப். யாராவது ஷவரைத் திறந்தால் ஓடும். விடியற்காலை நாலரையிலிருந்து யாராவது திறந்துகொண்டேதான் இருப்பார்கள். தரையில் பாய் விரித்துப் படுக்கும் என் மாமியார், "சுவத்துக்குள்ள வண்டு குடையுதும்மா" என்றார்.

அசோசியேஷன் செக்ரட்டரி வந்து போனில் ஒரு ஆப்பை வைத்து அளந்தார். 37 காட்டியது. "குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரியில 45 டெசிபெல் வரைக்கும் சட்டமே விடுது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படுக்கையறை முழுக்க ஸ்பாஞ்ச் பலகை ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் எண்பதாயிரம் கேட்டார். அப்புறம்தான் ஒலி ஆலோசனை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தைப் பிடித்தோம். குறையும் எழுதப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

இரவு பதினொன்றுக்கு மேல்தான் வருவோம் என்றார்கள். வந்ததும் ஃபிரிட்ஜ், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். மே மாதம்! வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். மீட்டரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சுவரில் மெழுகு வைத்து ஒரு அதிர்வு உணரியை ஒட்டினார் அந்த இளைஞர். மேலே வாட்ச்மேன் பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். இரண்டாவது பம்ப் நின்றதும் லேப்டாப்பில் 50 ஹெர்ட்ஸ் பட்டை சட்டென்று இறங்கியது. மோட்டார் தகட்டில் நிமிடத்துக்கு 2900 சுற்று என்று இருந்தது. 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 48 சொச்சம், அதாவது அதே 50 ஹெர்ட்ஸ் பட்டைக்குள் விழும் அதிர்வு. குற்றவாளி அகப்பட்டது அங்கேதான்.

செக்ரட்டரியின் 37-க்கும் விளக்கம் கிடைத்தது. ஆப் காட்டுவது டெசிபெல் ஏ. காதின் உணர்திறனை ஒட்டிக் கணக்கிடுவதால், 50 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஒலியில் ஏறக்குறைய 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். ஊரே அடங்கிய நேரத்தில் விட்டுவிட்டு வரும் உறுமல் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. தவிர, அந்த 45 வெளிப்புறச் சூழலுக்கான அளவு, படுக்கையறைக்கானது அல்ல. செக்ரட்டரி மறுபேச்சு பேசவில்லை.

பம்ப் அறைக் கதவைத் திறந்தும் மூடியும் பார்த்தார்கள். எங்கள் அறையில் மாற்றமே இல்லை. அப்படியென்றால் சத்தம் காற்று வழியாக வரவில்லை, கட்டடத்தின் உடம்பு வழியாக இறங்குகிறது. பம்புக்கு அடியில் ரப்பர் இருந்தது, ஆனால் அது கெட்டிப்பட்டுக் கல்லாகிவிட்டது. போதாக்குறைக்கு போல்ட் நேராகக் கான்கிரீட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. குழாயை எங்கள் பாத்ரூம் ஷாஃப்ட் சுவரோடு இரும்பு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஸ்பாஞ்ச் பலகை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், இந்த அதிர்வை ஒன்றும் செய்யாது. ஆக, எண்பதாயிரம் மிச்சம்.

பரிந்துரைகள் எளியவை. பம்புக்குக் கனமான அடித்தளம், அதற்கடியில் ஸ்பிரிங். குழாய் இணையும் இடங்களில் ரப்பர் பெல்லோஸ், அதாவது வளைந்துகொடுக்கும் ரப்பர் இணைப்பு. ரப்பர் வைத்த கிளாம்ப். குழாய் ஸ்லாபைத் துளைத்து வரும் இடத்தில் சிமென்ட்டைச் சுரண்டிவிட்டு இளகும் சீலன்ட்.

கட்டணம் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, 18 சதவீத ஜிஎஸ்டி தனி. பாதியை அசோசியேஷன் ஏற்றது.

இப்போது குறை. முப்பது பக்கத்துக்கு மேல் ஆங்கில அறிக்கை, அதில் பெரும்பாலும் வரைபடம். பிளம்பருக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லை. வேலை நடக்கும்போது அவர்கள் யாரும் வரவில்லை. பிளம்பர் ஸ்பிரிங் எல்லாம் ஒழுங்காக வைத்துவிட்டு, "ஆடுது சார்" என்று பக்கவாட்டில் ஒரு இரும்புப் பட்டையை அடித்து ஸ்லாபோடு கட்டிவிட்டார். உறுமல் திரும்ப வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டோம், இளைஞர் வந்து பட்டையைக் கழற்றச் சொன்னார், அதற்கும் தனி பில். சரி, நேரம் அவர்களுடையது. ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இப்போது சுவரில் காது வைத்தால்தான் கேட்கிறது. மாமியார் ஏழரை வரைக்கும் தூங்குகிறார். ஐந்துக்கு நான்கு தருவேன்.

பக்கத்து வீட்டு டிவி, சாலை ஹாரன் மாதிரி எங்கிருந்து வருகிறதென்று தெளிவாகத் தெரியும் சத்தத்துக்கு இவ்வளவு செலவு வேண்டியதில்லை. முதலில் ஜன்னல் இடுக்கையும் கதவடி இடைவெளியையும் அடைத்துப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாத உறுமலுக்கு இவர்களைக் கூப்பிடலாம். கொட்டேஷன் வாங்கும்போதே வேலை நடக்கும் நாளில் ஒருமுறை வருவது, முடிந்தபின் மறுபடி அளப்பது இரண்டையும் அதே தொகைக்குள் எழுதி வாங்கிவிடுங்கள்.