ஈம்ஸ், ராபின் டே, மோனோபிளாக்: மலிவு நாற்காலியில் எது தேறும்?

வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் ஃபைபர்கிளாஸ் நாற்காலி 1950-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எல்லாருக்கும் கட்டுப்படியாகும் நாற்காலி வேண்டும் என்று தொடங்கிய வேலை அது. அழகில் ராபின் டே நாற்காலியும் மோனோபிளாக்கும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் மலிவுப் பட்டியலில் சேர்க்க மனசு வராது. பழைய ஈம்ஸ் நாற்காலிகளில் இருக்கையையும் காலையும் இணைக்கும் ரப்பர் வட்டுகள் பசையில் நிற்பவை. வருஷம் ஆக ஆகப் பசை விட்டுவிடும்.

அந்தக் குறையை பிரிட்டனின் வடிவமைப்பாளர் ராபின் டே அழகாகத் தீர்த்தார். ஹில் என்ற நாற்காலி நிறுவனத்துக்காக அவர் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாற்காலி வந்தது 1963-ல். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். கால் சட்டத்துக்கான திருகாணி இறங்கும் குமிழ்கள் இருக்கையோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். ஒட்டு வேலையே கிடையாது. விளிம்பைச் சுற்றிலும் கீழ்நோக்கி மடித்திருப்பார். மெல்லிய பிளாஸ்டிக் வளையாமல் தாங்குவது அந்த மடிப்பால்தான். அச்சு செய்யத்தான் பெரும் செலவு. செய்துவிட்டால் ஒரே அச்சில் வாரத்துக்கு 4,000 இருக்கைகள் வார்க்கலாம்.

அப்புறம் மோனோபிளாக். நம் ஊர்ப் பந்தலிலும் டீக்கடையிலும் கிடக்கும் அதே பிளாஸ்டிக் சேர்தான். பிரான்ஸின் ஆன்ரி மஸொனே 1972-ல் கொண்டுவந்த நாற்காலி, இரண்டே நிமிடத்துக்குள் அச்சிலிருந்து முழுசாக வெளியே வந்தது. பூட்டும் வேலையே இல்லை. விலையில் இதை எதுவும் நெருங்காது. நாலைந்தை அடுக்கி ஒரே ஆள் தூக்கிப் போய்விடலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம், ஊர் அழகு கெடுகிறதென்று 2017 வரை பொது இடங்களில் இதைத் தடை செய்து வைத்திருந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழை எளியவரும் சாய்ந்து உட்கார வழி செய்த பொருளை அழகில்லை என்று ஒதுக்குவது அநியாயம்.

என் குறை வேறு. வெயிலில் காய்ந்து வெளுத்த சேரில் பின்கால் இருக்கையோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். கம்பி போட்டுத் தைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அதோடு சரி, மொத்தச் சேரும் குப்பை. ராபின் டே நாற்காலியில் உடைந்த இருக்கையைக் கழற்றி, அதே காலில் வேறொன்றைப் பூட்டலாம்.

அதனால் என் ஓட்டு ராபின் டேக்கே. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுபவருக்கு மோனோபிளாக் சரி. பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ என்றால் இரும்புக் கால் வைத்த வகையை வாங்குங்கள். இருக்கை மட்டும் பிறகு தனியாகக் கிடைக்குமா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.