ஆறு ஆண்டுகளாக முதுகில் சுமக்கும் தகடு: பேக்பிளேட், ஹார்னஸ் பயன்பாட்டு அனுபவம்

பொறையாறிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று ஸ்கூபா முக்குளிக்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில், அங்கே வாடகைக்குக் கிடைத்த ஜாக்கெட் வகை பி.சி.டி.யைத்தான் (காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் சாதனம்) அணிந்தேன். எனக்கு ஒல்லியான உடம்பு; கையில் கிடைப்பதோ பெரும்பாலும் ஓர் அளவு பெரிய ஜாக்கெட். காற்றைச் செலுத்தியவுடன் அது அக்குள்வரை ஏறிக்கொள்ளும், சிலிண்டர் முதுகில் இடமும் வலமுமாக ஆடும், இடுப்பில் கட்டிய 5 கிலோ ஈயம் கீழே இழுக்கும். கிடைமட்டமாக நீந்துவதாக நான் நினைத்திருந்த நேரமெல்லாம் பாதி நின்ற வாக்கில்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதை, நண்பர் எடுத்த காணொளியைப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன். அதன் பின்னரே, ஜாக்கெட்டுக்குப் பதிலாக சிலிண்டரையும் காற்றுப்பையையும் முதுகில் தாங்கும் உலோகத் தகடான பேக்பிளேட் வாங்கத் தீர்மானித்தேன்.

வாங்கும்போது தகட்டைப் பற்றியே யோசித்தேன். அதை உடலோடு கட்டும் வாரை, அதாவது ஹார்னஸைப் பற்றி யோசிக்கவில்லை. எஃகா, அலுமினியமா என்பதே அப்போது பெரிய கேள்வியாக இருந்தது. எஃகுத் தகடு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். அலுமினியம் ஒரு கிலோ அளவில் நின்றுவிடும். நம் பக்கத்து முக்குளிப்பு நிலையங்களில் பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரையே தருகிறார்கள். அது காலியாகும் தறுவாயில் மிதக்கத் தொடங்கும் என்பதாலும், குளிர் தாங்க அணியும் 3 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் உடையும் மிதக்கும் என்பதாலும், எப்படியும் சில கிலோ ஈயம் சுமந்தாக வேண்டும். அந்த எடையில் ஒரு பங்கைத் தகடே ஏற்றுக்கொள்ளட்டும் என்று எஃகைத் தேர்ந்தெடுத்தேன். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது என் தகடு 2.7 கிலோ காட்டியது. இப்போது இடுப்பில் ஈயம் ஒன்றரை கிலோதான். மீதி எடை நுரையீரலுக்கு நேர் பின்னால் பரவி நிற்பதால் உடல் தானாகவே கிடையாகப் படுக்கிறது. ஆனால் வெட்சூட் இல்லாமல் நன்னீரில் இறங்குபவரும், எஃகு சிலிண்டர் பயன்படுத்துபவரும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவைப்பட்டால் ஈயத்தைக் கழற்றி எறியலாம். முதுகுத் தகட்டை அப்படி எறிய முடியாது.

வாருக்கு வருகிறேன். இரண்டு அங்குல அகலமுள்ள ஒரே நைலான் பட்டை, தகட்டின் மேல் துளைகள் வழியாகத் தோளைச் சுற்றி, கீழ்த் துளைகள் வழியாக இடுப்புக்கு வந்து ஒரே கொக்கியில் முடிகிறது. ஜாக்கெட்டில் உள்ளதுபோல் இழுத்து இறுக்கும் வசதி எதுவும் இதில் இல்லை. வீட்டில் பனியனுடன் நின்று அளந்து கச்சிதமாகப் பொருத்திவிட்டுப் போனேன். படகில் வெட்சூட்டுக்கு மேல் மாட்டியபோது வலது கை உள்ளே போய்விட்டது, இடது கை போகவில்லை. உடன் வந்தவர் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்துத் திணித்தார். வெளியே வரும்போதும் அவர்தான் இழுத்தார். அன்று மாலையே மூன்று விரலளவு தளர்த்தினேன். அதன் பிறகு தகடு இடுப்புக்குச் சரிந்தது, கையைப் பின்னால் கொண்டுபோனால் சிலிண்டர் வால்வு எட்டவில்லை. இப்படித் தளர்த்துவதும் இறுக்குவதுமாக ஏழெட்டு முக்குளிப்புகள் போயின. இப்போது தோள்பட்டைக்கும் வாருக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கலாம், வால்வையும் தொடலாம். கால்களுக்கு நடுவே போகும் கவட்டுப் பட்டையை மட்டும் முதலில் அதிகமாக இறுக்கி ஒரு நாள் முழுவதும் அவதிப்பட்டேன். அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை.

இத்தனை சிரமமும் எதற்கு என்பது தரங்கம்பாடிக்கு வெளியே நண்பர்களுடன் ஃபைபர் படகில் சென்று இறங்கிய நாளில் விளங்கியது. டெல்டாவின் கடல் அந்தமான் கடல் அல்ல. அடியில் வண்டல், காலை ஒருமுறை அசைத்தால் நீட்டிய கையே தெரியாது. பூம்புகார்க் கடலில் 1991ஆம் ஆண்டில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பொன்றைக் கண்ட தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இந்தக் கலங்கலில்தான் வேலை செய்திருப்பார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். வாரில் கோத்த உலோக வளையங்களில், சிலிண்டரின் அழுத்தமானி இடது இடுப்பு வளையத்தில், விளக்கு வலது மார்பு வளையத்தில் என்று இடம் மாறாமல் இருந்ததால், கண்ணால் தேடாமல் கையாலேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. 1979இல் கிரெக் ஃபிளானகன் இந்தத் தகட்டை வட ஃபுளோரிடாவின் குகை முக்குளிப்பாளர்களுக்காகவே உருவாக்கினார். வாரை இப்படி எளிமையாக்கிய வில்லியம் ஹோகார்த் மெயினும் குகைக்காரரே. இருட்டுக்காகச் செய்த பொருள் வண்டலுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

குறைகளும் உண்டு. பை எதுவும் கிடையாது; உதிரி முக்குளிப்புக் கண்ணாடியை வைத்துக்கொள்ளத் தொடைப்பை ஒன்று தனியாக வாங்க நேர்ந்தது. விங் எனப்படும் காற்றுப்பை முதுகுப் பக்கம் இருப்பதால், மேற்பரப்பில் அதை முழுவதும் ஊதினால் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். பாதி ஊதிவிட்டுச் சற்றே பின்னால் சாய்ந்து மிதக்க வேண்டும். விமானத்தில் 15 கிலோ வரம்புக்குள் எஃகுத் தகட்டைக் கொண்டுபோவது தலைவலிதான். ஆண்டுதோறும் அந்தமான் செல்பவர் அலுமினியத்தையே வாங்கலாம். நான் பேருந்தில் போகிறவன்.

பராமரிப்பென்று தனியாக எதுவும் இல்லை, கழுவுவதைத் தவிர. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உவர் கலந்தது. அதில் அலசி உலர்த்தினால் வளையங்களில் வெள்ளையாகப் படிந்தது, ஒரு திருகின் தலையில் பழுப்புக் கறையும் தென்பட்டது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்கால் நீரைத் தெளியவைத்து ஊறப்போடுகிறேன். மற்ற மாதங்களில் குடிநீர்க் குழாயில் ஒரு வாளி.

தகட்டின் கீழ்த் துளை உரசும் இடத்தில் வாரின் ஓரம் பஞ்சுபோல் பிரியத் தொடங்கியதால், சென்ற ஆண்டு புதுப் பட்டை வாங்கினேன். பழையதைத் திண்ணையில் நீளமாக விரித்து, வளையங்கள் நின்ற இடங்களில் தையல்காரரின் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, புதியதை அதன்மேல் வைத்து வெட்டி, நுனியைத் தீயில் காட்டி உருக்கினேன். படகில் மாட்டியபோது இரண்டு கைகளும் ஒரே முறையில் உள்ளே போயின.